காவல்காரரின் பெருவிரல்

வெள்ளாங்குளத்தில என்ர மச்சான் ஒருவர் கன வருசமா ஊர்க் கழகத்துக்குக் கோல் காத்தவர். மன்னார்ப் பக்கம் புட்போல் எண்டால் என்ன எண்டு தெரிஞ்சவைக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. தெரியாதவைக்கு: எங்கட பெடியள் நடக்கப் பழகின உடனயே பந்தை உதைக்கவும் பழகுவாங்கள். கிரிக்கெட் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

ஒருநாள் பின்னேரம் கம்பத்தின்ர ஓரத்தால வந்த பந்துக்கு அவர் பாய்ஞ்சார். பந்து உள்ளங்கையில படேல்லை. பெருவிரல் நுனியில பட்டு விரலை வெளிப்பக்கமாத் தள்ளிக்கொண்டு போனது. கோல் விழேல்லை. எழும்பிக் கையை ரெண்டு தரம் உதறிப்போட்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடிச்சார். அண்டிரவு விரல் வீங்கினது. அடுத்தநாள் முறிவு நெரிவு பார்க்கிற ஒருவர் எண்ணெய் போட்டு இழுத்துவிட்டார். ஒரு கிழமை கழிச்சு ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துப் பாத்தவை. எலும்பில முறிவு இல்லை, சுளுக்குத்தான் எண்டு குளிசை குடுத்து அனுப்பினவை.

ரெண்டு வருசம் கழிச்சு அவர் மோட்டச்சைக்கிள் திறப்பை இடக்கையால திருப்பிறதைக் கண்டுதான் நான் என்னெண்டு கேட்டனான். வலக்கையால ஏலாதாம். சோடாப் போத்தில் மூடி திறக்க ஏலாதாம். எல்லாத்துக்கும் மேல, வலையில சிக்கின நண்டைக் கழட்ட ஏலாதாம். எங்கட கரையில நண்டுத் தொழில் செய்யிற ஒருத்தருக்கு இது சின்ன விசயம் இல்லை. நண்டைக் கழட்டுறது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில அழுத்திப் பிடிக்கிற வேலை. அந்தப் பிடி அவருக்கு இல்லாமல் போச்சு. அழுத்தினால் பெருவிரல் அடிமூட்டில வெளிப்பக்கமாச் சாயுது, பிஞ்ச பிணைச்சல் போட்ட கதவு மாதிரி.

"சுளுக்கு" எண்டு சொன்ன இந்தக் காயம் உண்மையில என்ன, இது சுளுக்கு இல்லை எண்டு மனிசர் எப்ப கண்டுபிடிச்சவை எண்டு தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. நான் மருத்துவம் படிக்கேல்லை, வரலாறு படிக்கிறன். அதால மருத்துவத்தையும் வரலாறாத்தான் வாசிச்சனான்.

முதல்ல சொற்கள். தசையை எலும்போட கட்டிற கயிறு தசைநாண். எலும்பையும் எலும்பையும் மூட்டில சேத்துக் கட்டிறது வேற. பத்திரிகையில "சவ்வு கிழிவு" எண்டு போடுறது அதைத்தான். பெருவிரலில ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில ஓடுது. ஊரில ரெண்டுக்கும் ஒரே பேர்தான்: நரம்பு. "நரம்பு பிசகிட்டு." உண்மையான நரம்பு மூண்டாவது சாமான், அது மூளையின்ர கட்டளையைக் கொண்டுபோற கம்பி. மூண்டையும் ஒரே சொல்லில சொல்லிறதால மூண்டுக்கும் ஒரே எண்ணெய் போடுறம். சொல் இல்லாத மொழி எண்டு ஆரும் சொல்ல வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில தமிழிலேயே மருத்துவம் படிப்பிச்சவர். இரண வைத்தியம் எண்டு சத்திரசிகிச்சைக்குத் தமிழில புத்தகம் அச்சடிச்ச மண் இது. இவ்வளவு காலம் கழிச்சும் நாங்கள் நரம்பிலயும் சுளுக்கிலயும் நிக்கிறம்.

குழப்பம் எங்களுக்கு மட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில பிரஷ்ய இராணுவத்தில மேளம் அடிச்ச பெடியளுக்கு ஒரு வருத்தம் வந்தது. இடக்கைப் பெருவிரல் திடீரெண்டு கீழ விழுந்திடும், திருப்பித் தூக்க ஏலாது. "மேளக்காரர் வாதம்" எண்டு பேர் வைச்சினம், நரம்பு செத்ததாக்கும் எண்டு நினைச்சு. நரம்பில ஒரு பிழையும் இருக்கேல்லை. பெருவிரலைத் தூக்கிற நீளத் தசைநாண் மணிக்கட்டின்ர பின்பக்கத்தில ஒரு சின்ன எலும்பு முடிச்சைச் சுத்தி வளைஞ்சு போகுது, கப்பியில ஓடுற கயிறு மாதிரி. இடக்கையில குச்சியைப் பெருவிரல் இடுக்கில வைச்சு நாள் முழுக்க அடிக்க அடிக்க, அந்த வளைவில கயிறு தேஞ்சு அறுந்தது. அவ்வளவுதான்.

இதே நாண் இண்டைக்கும் அறுகுது. விளையாட்டு ஆக்கள் இதைக் கவனமா வாசியுங்கோ. கையை ஊண்டி விழுந்து மணிக்கட்டில சின்ன வெடிப்பு வந்து, அது மாறிக்கொண்டு வரேக்க, சில கிழமை கழிச்சு ஒரு காலமை பெருவிரல் எழும்பாது. வலியும் பெரிசா இருக்காது. விழுந்ததை ஆக்கள் மறந்தே போயிருப்பினம்.

1895இல சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் ஃபிரிட்ஸ் டி கெர்வான் வேறொரு பெருவிரல் நோயை விவரிச்சார். பெருவிரலை விரிக்கிற ரெண்டு நாண்கள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில ஒரு ஒடுங்கின உறைக்குள்ளால போகுது. உறை தடிச்சுப் போனால் நாண் உள்ள உரசும், பெருவிரலை அசைச்சால் உயிர் போகும். உறையை வெட்டித் திறந்துவிட்டால் சுகம். ஊசி மருந்தில அடங்காத ஆக்களுக்கு இண்டைக்கும் செய்யிற ஒப்பரேசன் அதுதான். இப்ப இது துடுப்பு வலிக்கிற ஆக்கள், கோல்ஃப், டெனிஸ் ஆடுற ஆக்களின்ர நோய் எண்டு விளையாட்டு மருத்துவப் புத்தகங்களில வருது. அந்தக் காலத்தில அதுக்கு இருந்த பேர் "துணி தோய்க்கிற பெண்ணின் சுளுக்கு". பிழிஞ்சு பிழிஞ்சு வந்தது.

மூண்டாவதுதான் மச்சான்ர காயம். 1955இல கேம்பல் எண்ட மருத்துவர் ஸ்கொட்லாந்தில 24 வேட்டைக்காட்டுக் காவல்காரரின்ர கைகளைப் பற்றி எழுதினார். பெரிய பண்ணையாரின்ர காட்டில முயலும் பறவையும் பாக்கிற கூலி ஆக்கள். காயப்பட்ட முயலின்ர கழுத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில பிடிச்சு இழுத்து முறிக்கிறது அவையின்ர வேலையில ஒரு பகுதி. வருசக்கணக்கா அப்பிடிச் செய்யச் செய்யப் பெருவிரலின்ர அடிமூட்டில உட்பக்கச் சவ்வு இழுபட்டுத் தொய்ஞ்சு போயிருந்தது. கேம்பல் அதுக்கு "வேட்டைக்காவலர் பெருவிரல்" எண்டு பேர் வைச்சார். அழுத்திப் பிடிக்கிற பலம் போறது, விரல் வெளிப்பக்கம் சாயிறது. வாசிக்கேக்க எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. மச்சான்ர திறப்புக் கதை அப்பிடியே கிடக்கு.

ஆனா அது மெல்ல மெல்லத் தொய்ஞ்ச கை. ஒரே அடியில அறுந்தால் என்ன நடக்குது? இதுக்கு மறுமொழி சொன்னவர் சுவீடன் நாட்டு கொதன்பர்க் நகரத்துப் பெர்டில் ஸ்டெனர். அவற்ற கட்டுரை 1962இல வந்தது. 39 பேரின்ர பெருவிரலைத் திறந்து பாத்து, இறந்த உடல்களின்ர கைகளையும் வெட்டிப் பாத்து எழுதினது. அவர் கண்டது இதுதான். அந்தச் சவ்வுக்கு மேலால, பெருவிரலை உள்பக்கம் இழுக்கிற தசையின்ர நாண் விரிஞ்சு ஒரு தட்டு மாதிரி ஓடுது. பெருவிரல் வெளிப்பக்கம் முறுகி, சவ்வு முழுசா அறுந்து, பிறகு விரல் பழைய இடத்துக்குத் திரும்பேக்க, அறுந்த நுனி தட்டுக்குக் கீழ திரும்பிப் போறதில்லை. மடிஞ்சு தட்டுக்கு வெளியில மாட்டிக்கொண்டு நிக்கும். ஒரு பக்கம் எலும்பு, மற்றப் பக்கம் சவ்வு நுனி, நடுவில நாண் தட்டு. சட்டையின்ர ஒரு முனை பெல்ட்டுக்கு வெளியில வந்த மாதிரி எண்டு யோசியுங்கோ. எவ்வளவு காலம் அசையாமல் கட்டி வைச்சாலும், எவ்வளவு எண்ணெய் போட்டாலும், ரெண்டு நுனியும் சந்திக்காது. நடுவில சுவர் நிக்குது.

இந்த இடத்திலதான் எனக்குக் கோபம் வந்தது. ஆரில எண்டு கேட்டால் சொல்லத் தெரியேல்லை. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். சவ்வு ஒரு துண்டு எலும்பையும் பிச்சுக்கொண்டு வந்தால்தான் படத்தில ஏதும் தெரியும். இல்லாட்டிப் படம் சுத்தம். "ஒண்டும் இல்லை" எண்டு படம் சொல்லிறது பொய் இல்லை, அது எலும்பைப் பற்றி மட்டும் சொல்லுது. கையால பாக்கிற சோதனை ஒண்டு இருக்கு: நல்ல கையின்ர பெருவிரலையும் காயப்பட்டதையும் ஒரே மாதிரி மெதுவா வெளிப்பக்கம் சரிச்சுப் பாத்து, எவ்வளவு கூடச் சாயுது, ஒரு இடத்தில தடுத்து நிக்குதா எண்டு கவனிக்கிறது. 30, 35 பாகைக்கு மேல தடுப்பில்லாமல் சாய்ஞ்சால் முழுசா அறுந்திருக்கலாம். அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. எல்லாம் அதை உறுதிப்படுத்த. (தெரிஞ்ச வைத்தியர் செய்யிற சோதனை இது. நீங்கள் வீட்டில ஆற்றையும் விரலைப் பிடிச்சு வளைக்காதேங்கோ, அரைவாசி கிழிஞ்சதை முழுசாக் கிழிக்கவும் ஏலும்.) பாதி கிழிஞ்சதுக்கு நாலு தொடக்கம் ஆறு கிழமை அசையாமல் கட்டி வைச்சால் போதும். முழுசா அறுந்து ஸ்டெனர் சொன்ன மாதிரி மாட்டுப்பட்டதுக்குக் கத்திதான், அதுவும் முதல் சில கிழமைக்குள்ள. தட்டைத் திறந்து, நுனியை வெளியில எடுத்து, எலும்பில ஒரு சின்ன ஆணி இறக்கி, அதில இருக்கிற நூலால சவ்வைப் பழைய இடத்தில கட்டிவிடுவினம். பெரிய ஒப்பரேசன் இல்லை. நேரத்துக்குச் செய்தால்.

பிறகு இந்தக் காயத்தின்ர பேர் மாறினது. பனியில சறுக்கி விளையாடுற ஆக்கள் விழேக்க, கையில பிடிச்ச கம்பு பெருவிரலை அதே மாதிரி வெளிப்பக்கம் தள்ளினது. ஐரோப்பாவில பனிச்சறுக்கு பரவப் பரவக் கிளினிக்குகளில இந்தக் காயம் கூடினது. "வேட்டைக்காவலர் பெருவிரல்" போய் "பனிச்சறுக்கர் பெருவிரல்" எண்டு வந்தது. துணி தோய்க்கிற பெண்ணும் மேளக்காரப் பெடியனும் அடிக்குறிப்பாய்ப் போச்சினம். பேர் மாறினதில ஒரு நியாயம் இருக்கு, இப்ப ஆர் முயலின்ர கழுத்தை முறிக்கினம்? ஆனா வேலையால அறுந்த கைகளிலதான் இந்த அறிவு தொடங்கினது. விளையாட்டு ஆக்கள் கடைசியா வந்து முதல் ஆசனத்தில இருந்திட்டினம் எண்டது என்ர எண்ணம். (பெருவிரல் எண்டால் ஏகலைவனை இழுக்காமல் ஒருத்தரும் எழுதிறதில்லை. இழுத்தாச்சு, விடுவம்.)

நாண் அறுந்து நுனிகள் நாராய்ப் போனால் தைக்க ஏலாது, மேளக்காரரின்ர நாண் மாதிரி. அப்ப கடன் வாங்கோணும். சுட்டுவிரலை நீட்டிறதுக்கு எங்களுக்கு ரெண்டு நாண் இருக்கு. ஒண்டை எடுத்துப் பெருவிரலுக்குக் கட்டினாலும் சுட்டுவிரல் மற்றதோட சமாளிக்கும். முதல் நாட்களில சுட்டுவிரலை நீட்ட நினைச்சால் பெருவிரல் எழும்பும். பிறகு மூளை பழகிக்கொள்ளும். இன்னொண்டு: இப்ப உள்ளங்கையை மேல பாக்க வைச்சு, பெருவிரலையும் சின்ன விரலையும் நுனியில முட்டவைச்சு, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்கிப் பாருங்கோ. மணிக்கட்டு நடுவில ஒரு கயிறு எழும்பி நிக்குதா? பெரும்பாலான ஆக்களுக்கு நிக்கும், சிலருக்குப் பிறவியிலேயே இராது. இல்லாட்டியும் கையில ஒரு குறையும் தெரியாது. பழைய சவ்வுக் காயங்களுக்குப் புதுச் சவ்வு செய்யச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் வெட்டி எடுக்கிறது இந்தக் கயிறைத்தான்.

ஒரு நாணைக் கழட்டி இன்னொண்டின்ர வேலைக்குப் போடுற கலை எங்கட பக்கத்துக் கடலுக்கு அங்கால, வேலூரில, வளர்ந்த விதம் தனிக்கதை. போல் பிராண்ட் 1914இல கொல்லிமலையில மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில படிச்சு, 1946இல வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுத்திப் பாக்க றொபேட் கொக்ரேன் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். விரல்கள் நகம் மாதிரி மடிஞ்ச ஒருத்தரிட்ட, என்ர கையை இறுக்கிப் பிடியுங்கோ எண்டு பிராண்ட் கேட்டார். பிடி நோகிற அளவுக்கு இறுகினது. அவருக்கு விளங்கினது அந்த நோவிலதான்: கை முழுசாச் சாகேல்லை. நோய் தாக்கின நரம்புகள் கையின்ர சின்னத் தசைகளைத்தான் செயலிழக்கப் பண்ணியிருக்கு. முழங்கைக்குக் கீழ இருக்கிற பெரிய தசைகள் நல்லா இருக்கு. அப்ப அந்தத் தசையின்ர நாண் ஒண்டைத் திருப்பிக் கட்டினால்?

மோதிரவிரலை மடக்கிற ரெண்டு நாணில ஒண்டை எடுத்துப் பெருவிரலுக்குத் திருப்பினால், பெருவிரல் மற்ற விரல்களுக்கு முன்னால வந்து நிக்கும். சோத்தை அள்ளலாம், பேனை பிடிக்கலாம். இந்த முறையைப் பிராண்ட் கண்டுபிடிக்கேல்லை. அமெரிக்காவில ஸ்ரேலிங் பனெல் போன்ற ஆக்கள் அதைச் செய்து எழுதியிருந்தவை. பனெலின்ர பெரிய புத்தகம் 1944இல வந்தது, ரெண்டாம் உலகப் போரில காயப்பட்ட கைகள்தான் அங்க கைச் சத்திரசிகிச்சையைத் தனித்துறையாக்கினது. (எங்கட வன்னியிலயும் சிதறுதுண்டு பட்ட கைகளோட ஆக்கள் ஊருக்கு ஊர் இருக்கினம். அதைத் தனியா எழுதோணும்.) பிராண்ட் செய்தது, ஆஸ்பத்திரிகள் உள்ள எடுக்கவே பயந்த ஆக்களுக்கு அதைச் செய்தது. 1952இல லண்டன் அரச சத்திரசிகிச்சைக் கல்லூரியில ஹண்டேரியன் விரிவுரையா அதைச் சொன்னார். வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல வாகன விபத்தில முள்ளந்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போன பிறகும், சக்கர நாற்காலியில இருந்தபடியே இந்தக் கை ஒப்பரேசன்களைச் செய்தவர்.

இந்தக் கதையில என்னை விடாமல் பிடிச்சது வேற இடம். கை சுகமாகிப் போன ஒருத்தர் திரும்பி வந்து முறைப்பட்டார். மடிஞ்ச கைக்குப் பிச்சை விழுந்தது, நேரான கைக்கு விழுகுதில்லை. தொழுநோய்த் தழும்பைக் கண்டு வேலையும் ஒருத்தரும் குடுக்கினம் இல்லை. நவஜீவ நிலையம் எண்டு ஒரு இடத்தைத் தொடங்கித் தச்சுவேலை எல்லாம் பழக்க வேண்டி வந்தது அதாலதான். நாணைத் திருப்பிக் கட்டினால் போதாது, அந்தக் கை சுகமாகிற காலத்திலயும் பிறகும் என்னத்தில சீவிக்கும் எண்டதையும் ஆராவது யோசிக்கோணும்.

விளையாட்டு ஆக்களுக்கு அதை யோசிக்க வேற ஆக்கள் இருக்கினம். 2021 ஜனவரி சிட்னி டெஸ்ட் உங்களுக்கு மறந்திராது. கடைசி நாள் அஸ்வின் முதுகு நோவோடயும் விஹாரி தொடைக் காயத்தோடயும் நிண்டு ஆட்டத்தைச் சமநிலையாக்கினவை. உடை மாத்திற அறையில ஜடேஜா காப்பு எல்லாம் கட்டி இருந்தவர். ஸ்டார்க்கின்ர பந்து பட்டு இடது பெருவிரல் மூட்டு விலகி எலும்பும் முறிஞ்சிருந்தது. தேவைப்பட்டால் இறங்க ரெடி. அது சவ்வுக் காயமா எலும்புக் காயமா எண்டதை விட எனக்கு முக்கியமாப்பட்டது பிறகு நடந்தது. அடுத்தநாளே ஒப்பரேசன். ஏப்ரல் 25ஆம் திகதி சென்னை அணிக்கு ஆடி, ஒரே ஓவரில 37 ஓட்டம் வந்ததைப் பாத்தம். மூண்டரை மாசம். 2019இல அமெரிக்கப் புட்போல் வீரர் ட்ரூ பிறீஸுக்குப் பந்து எறியிற கையில, மச்சானுக்கு அறுந்த அதே சவ்வு அறுந்தது. உடன ஒப்பரேசன், அஞ்சு ஆட்டத்தைத் தவறவிட்டு ஆறாவதுக்கு வந்திட்டார்.

மச்சானைக் கடைசியில ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனம். 2011இல சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு எங்களுக்கு யாழ்ப்பாணம் கிட்ட. வைத்தியர் ரெண்டு பெருவிரலையும் சரிச்சுப் பாத்தார், ஒரு நிமிசம் கூட எடுக்கேல்லை. பழைய சவ்வு சுருங்கிப் போச்சு, இனித் தைக்க ஏலாது. மணிக்கட்டுக் கயிறை எடுத்துப் புதுசாச் செய்யலாம். மூட்டு தேய்ஞ்சு போனால் அதுகும் ஏலாது, பிறகு மூட்டை ஒட்டிவிடுறதுதான். ஒட்டினால் நோவு போகும், பிடி வரும், மூட்டு மடங்காது. செய்யிறதெண்டால் ஆறு கிழமை கட்டு, மூண்டு மாசத்துக்குக் கயிறு இழுக்க வேண்டாம் எண்டார்.

மச்சான் வேற ஒண்டும் கேக்கேல்லை. "எந்த மூண்டு மாசம்?" எண்டு மட்டும் கேட்டார். வைத்தியருக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கினது.

வரேக்க பஸ்ஸில பெருவிரலையும் சின்ன விரலையும் முட்டவைச்சு மணிக்கட்டை மடக்கிப் பாத்தார். கயிறு நல்லா எழும்பி நிண்டது. சோளகம் பெலக்கிற நேரம் எப்பிடியும் தொழில் குறைவு, அப்ப பாப்பம் எண்டு சொல்லியிருக்கிறார். கிளினிக் கொப்பியில திகதி எழுதிக் கிடக்கு. இப்போதைக்குக் கோலுக்க நிக்கிறது அவற்ற தம்பி. ஆட்டத்துக்கு முதல் தம்பியின்ர பெருவிரலில டேப் சுத்திவிடுறது இவர்தான், இடக்கையால.